வலிக்குமோ என்று டாக்டர் கேட்டார்

என் மகள் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் "நெஞ்சுல சளிங்க, மூணாறு குளிரு ஒத்துக்கல" என்று சொல்லி வைத்தேன். மளிகைக் கடைக்காரர் நம்பினார். என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் நம்பி, கஷாயத்துக்கு என்னென்ன போட வேண்டும் என்று எழுதிக்கூடக் கொடுத்தார்கள். அது பொய். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். சுகன்யா என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்களுக்குக் கேரள எல்லைக்குள் வடகரப்பதி பக்கம் தென்னந்தோப்பு. நான் தமிழ் மீடியம் யு.பி. ஸ்கூலில் டீச்சர். சுகன்யாவுக்கு இருபத்தாறு வயது. ஓட்டல் படிப்பு முடித்துவிட்டு, மூணாறை அடுத்த சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் மூன்று வருடமாக வரவேற்பு மேசையில் வேலை பார்த்து வந்தாள். வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டே வரவேற்க வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது.

அன்று இரண்டாவது பீரியடில் போன் வந்தது. அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் செல்வி. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பெண்.

"அம்மா, பதறாதீங்க. சுகன்யாவுக்குக் காலையில திடீர்னு நெஞ்சு குத்திப் பிடிச்சிருச்சு. மூச்சு இழுக்க முடியல. ஜீப்புல போட்டுக் கீழ கொண்டாந்து சேத்துட்டோம். இப்பப் பேசுதா."

"என்னன்னு சொன்னாங்க சாமி?"

"நுரையீரல் சுருங்கிருச்சாம். நீங்க கிளம்பி வாங்க."

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மலை ஏறி, மூணாறு தாண்டி அந்தப் பக்கம் இறங்கினோம். வண்டி ஓட்டியது என் வீட்டுக்காரர். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, இறங்கிப் போய் ஒவ்வொரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். பதற்றத்தில் இருக்கிறார் என்று நானும் பேசாமல் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒன்றும் எனக்குத் தப்பாகப் படவில்லை, அன்று சாயங்காலம் வரை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிக் காட்டினார்கள். வலது பக்கம் நுரையீரல் பனிமூட்டம் மாதிரி விரிந்திருந்தது. இடது பக்கம் வெறும் கறுப்பு. நடுவில், இதயத்தை ஒட்டி, கசக்கிப் போட்ட கைக்குட்டை மாதிரி ஏதோ இருந்தது. அதுதான் இடது நுரையீரல் என்றார்கள்.

இந்த நோய்க்கு நிமோதொராக்ஸ் என்று பெயர். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சிலருக்கு நுரையீரலின் மேல்தோலில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கும். அதில் ஒன்று வெடித்தால், உள்ளே போகிற காற்று ஓட்டை வழியாகக் கசிந்து, நுரையீரலுக்கும் விலா எலும்புக்கும் நடுவில் தேங்கிவிடும். தேங்கிய காற்று நுரையீரலை அமுக்கும். ஒல்லியாக, உயரமாக இருக்கிற சின்ன வயதுக்காரர்களுக்கு ஒரு காரணமும் இல்லாமலே வரலாம். புகை பிடிக்கிறவர்களுக்கு இன்னும் சுலபமாக வரும்.

நாங்கள் போவதற்குள் விலா எலும்புக்கு நடுவில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் முங்கியிருந்தது. அவள் மூச்சு விடும்போதும் இருமும்போதும் தண்ணீரில் குமிழி வந்தது. தேங்கிய காற்று அப்படி வெளியே வரும், தண்ணீர் தடுப்பதால் திரும்ப உள்ளே போகாது. குமிழி நின்றால் ஓட்டை அடைந்துவிட்டது என்று அர்த்தம். ஆறு நாள் நான் அந்தப் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். மலையாளி. சார்ட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வலிக்குமோ?"

"வலிக்குமுங்க சார். நல்லா வலிக்கும். இவ பொறுத்துக்கறா."

அவர் புருவத்தைத் தூக்கினார். "எத்ர நாளாயி?"

"காலையில இருந்துங்க. விடாம வலிக்குது."

"காலையில் இருந்தோ?" என்று அவர் பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் சார்ட்டால் வாயை மறைத்துக்கொண்டாள். டாக்டர் குரலை மாற்றி, தனக்குத் தெரிந்த தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அம்மாவுக்கு அறிஞ்சிட்டும் ஏன் நிறுத்தல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எப்படிங்க நிறுத்தறது? நீங்கதானுங்க நிறுத்தோணும். அதுக்குத்தானுங்க இங்க கொண்டாந்திருக்கறோம்."

சுகன்யா கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ்தான் என் காதருகில் வந்து சொன்னாள். "அம்மா, சார் கேட்டது வேதனை இல்ல. சிகரெட். சிகரெட் வலிக்குமான்னு."

எனக்கு மலையாளம் தெரியாமல் இல்லை. எங்கள் பஞ்சாயத்தில் மனு எழுதுவதே மலையாளத்தில்தான். புகை பிடிப்பதை அவர்கள் வலிப்பது என்றுதான் சொல்வார்கள், எனக்கும் தெரியும். அந்தக் கேள்வியை என் வீட்டுக்காரரைக் காட்டிக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். கட்டிலில் படுத்திருந்தது பெண். அதனால் என் காது தமிழ் வலியைத்தான் கேட்டது.

அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "பிடிப்பேன் டாக்டர். ஒரு நாளைக்கு ஏழெட்டு."

டாக்டர் எழுதிக்கொண்டார். "நல்ல குடும்பத்துப் பெண்குட்டி" என்று ஆரம்பித்து ஒரு பிரசங்கம் செய்தார். மறுபடி பிடித்தால் மறுபடி சுருங்கும், இரண்டாவது தடவை என்றால் ஆபரேஷன்தான் என்றார். அது அவர் கடமை. ஆனால் பக்கத்து அறையில் ஒரு பெரியவர் இருந்தார். நாற்பது வருடம் பீடி, இப்போது ஆக்சிஜன் இல்லாமல் பாத்ரூமுக்குக்கூடப் போக முடியாது. அவரிடம் யாரும் நல்ல குடும்பத்தைப் பற்றிப் பேசவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாவம் என்று சொல்லி ஆரஞ்சு வாங்கி வைத்தார்கள். என் மகளைப் பார்க்க, வேறு வார்டு நர்ஸுகள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் வெளியே போனார். பத்து நிமிடம் கழித்து வந்தபோது சட்டையில் அந்த வாசம்.

"உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா?" என்று கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவரிடம் நான் கேட்காத கேள்வி.

"நானும் பொட்டப்புள்ளையும் ஒண்ணா?" என்றார்.

கட்டிலில் இருந்து குரல் வந்தது. "எக்ஸ்ரேல ஒரே மாதிரிதானுங்கப்பா தெரியும்."

அவளை அறைய வேண்டும் போல இருந்தது. குழாய் இருந்ததால் அறையவில்லை என்று எழுதுவதற்கு எனக்குக் கூச்சமில்லை. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. கஞ்சி ஊட்டினேன், தலை வாரினேன், பாட்டிலைப் பார்த்தேன். செல்விதான் வேலை முடித்துத் தினமும் வருவாள். மூன்று பேருக்கும் டீ வாங்கி, பாட்டிலைக் குனிந்து பார்த்து, "இன்னிக்குச் சோடா கம்மியா இருக்கே" என்பாள். சுகன்யா சிரிப்பாள். சிரித்தால் குமிழி அதிகமாக வரும். "ஏய், சிரிக்காத, மீட்டர் ஏறுது" என்று மறுபடி சிரிக்க வைப்பாள்.

மூன்றாம் நாள் ஒரு சின்ன டாக்டர் வந்தாள். கோயமுத்தூரில் படித்தவளாம், தமிழ் நன்றாகப் பேசினாள். மற்றவர்கள் எல்லாரும் எத்தனை சிகரெட் என்று கேட்டார்கள். இவள் ஒருத்திதான் வேறு கேள்வி கேட்டாள்.

"விடணும்னு தோணினதே இல்லையா?"

"தோணியிருக்கு. விட்டா தடி வெச்சிடும் டாக்டர்." உடம்பு பெருத்துவிடும் என்பதைத்தான் மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள்.

நான் நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டேன். உயிர் போகிற விஷயத்தில் இது என்ன பேச்சு என்று கத்த வாயெடுத்தேன். டாக்டர் கையைக் காட்டி என்னை உட்கார வைத்தாள். அவள் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினாள்.

சிகரெட்டில் இருக்கிற நிகோடின் பசியை அமுக்கி வைக்கும். உடம்பையும் கொஞ்சம் வேகமாக ஓட வைக்கும். நிறுத்தினால் அமுங்கிக் கிடந்த பசி திரும்பும், நாக்குக்கு ருசி திரும்பும், மூக்குக்கு வாசம் திரும்பும். சும்மா இருக்கிற கை எதையாவது எடுத்து வாயில் போடும். அதனால் நிறையப் பேருக்குச் சில கிலோ ஏறும். "ஏறாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஏறினா மெதுவாப் பாத்துக்கலாம், நடக்கலாம், சாப்பாட்டைப் பாத்துக்கலாம். அந்த எடை செய்யற கெடுதலைவிட இந்தப் புகை செய்யற கெடுதல் ரொம்பப் பெருசு. முதல்ல இது போகட்டும்."

"எனக்குத் தெரியும் டாக்டர். ஒருக்கா விட்டேன். நாலு மாசம் ஒண்ணுகூடத் தொடல. ஆறு கிலோ ஏறிச்சு."

"அப்பறம் ஏன் திரும்பப் பிடிச்சே?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "பொங்கலுக்கு ஊருக்குப் போனேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் போதும்.

எங்கள் வீட்டுக் களத்தில் கொப்பரை எடை போடுகிற மேடைத் தராசு இருக்கிறது. மூட்டையைத் தூக்கி வைத்தால் சிவப்பு எழுத்தில் எடை காட்டும். எடை போட்டு முடித்ததும் சின்னப் பிள்ளைகளை அதில் ஏற்றி நிறுத்திப் பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கம். யார் எவ்வளவு ஏறியிருக்கிறார்கள் என்று சத்தமாகப் படிப்போம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. சுகன்யா வளர்ந்த பிறகும் அதை விடவில்லை.

அந்தப் பொங்கலுக்கு ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தை முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பார்க்க வருவதாகவும் பேச்சு. களத்தில் எல்லாரும் நின்றிருந்தபோது என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு மூத்தவர், கூப்பிட்டார்.

"அம்மிணி, ஏறு பாக்கலாம்."

"வேண்டாங்கத்தை."

"சும்மா ஏறு கண்ணு, உன்னைய யாவாரியா தூக்கிட்டுப் போயிருவான்?"

நான்தான் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளி ஏற்றினேன். அறுபத்து மூன்று காட்டியது.

"அறுபத்து மூணு. மூட்டைக்கே நாம அம்பதுதான் கட்டறோம்" என்றார் நாத்தனார். களமே சிரித்தது. எடை போடுகிற ஆள் சிரித்தான். அவள் அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு பச்சைச் சுடிதாரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். தையல்காரர்கள் பக்கத்தில் அரை இஞ்சு துணி உள்ளே மடித்து விட்டிருப்பார்கள் இல்லையா, அந்தத் தையலைப் பிரித்து, தள்ளி அடித்துத் தரச் சொன்னாள். "சைடு கொஞ்சம் பிரிச்சு உடும்மா, மூச்சு முட்டுது" என்றாள். நான் அடுப்பில் இருந்து திரும்பாமலே பதில் சொன்னேன்.

"துணியப் பிரிக்காத. ஒடம்பக் கொறை."

சுடிதாரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். மறையூரில் பஸ் நின்றபோது இறங்கி, பெட்டிக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கினாளாம். இதைச் செல்வி பிறகு எனக்குச் சொன்னாள். அதற்கு அடுத்த விஷயத்தையும் அவள்தான் சொன்னாள். ரிசார்ட்டில் யூனிபார்ம் கோட்டு இரண்டே அளவில்தான் தைத்து வைத்திருக்கிறார்கள். நாலு மாதத்தில் இவளுக்குப் பெரிய அளவும் பொத்தான் மாட்டவில்லை. "கோட்டுப் போடுதியா, லாண்டரிக்கு மாறுதியா" என்று மேனேஜர் கேட்டானாம். "இவ நேரா பின் வாசலுக்குப் போனாம்மா. சிகரெட்டு இழுத்தா மத்தியானச் சோறு வேண்டாம்னு எங்களுக்கெல்லாம் தெரியும். அங்க பாதிப் பொண்ணுங்க அப்படித்தான் நிக்குதோம்."

நாலு மாதம். யாருக்கும் சொல்லாமல், யார் உதவியும் இல்லாமல், மருந்து மாத்திரை இல்லாமல் என் மகள் நாலு மாதம் விட்டிருந்தாள். முப்பது வருடத்தில் அவள் அப்பா நாலு நாள் விட்டதில்லை. அவள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியவே இல்லை. எனக்குத் தெரிந்தது ஆறு கிலோ. மேனேஜர் மேல் எனக்கு இருக்கிற கோபம் சாதாரணக் கோபம் இல்லை. நாத்தனார் மேலும் கோபம்தான். ஆனால் முதுகில் கை வைத்துத் தள்ளியது மேனேஜர் இல்லை.

அடுத்த நாள் பெரிய டாக்டரிடம் இதை நானே சொல்லிப் பார்த்தேன். எடை ஏறாமல் விடுவதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஜீவன் வேணுமா, அழகு வேணுமா டீச்சரே?" என்றார். கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அழகைப் பற்றி அவரிடம் யார் கேட்டார்கள். அவர் வயிறு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் நிற்கிறது. அவரை யாரும் தராசில் ஏற்றி வேலையைப் பிடுங்கியதில்லை.

ஆறாம் நாள் குமிழி நின்றது. இருமச் சொன்னார்கள், இருமினாள், தண்ணீர் அசையாமல் இருந்தது. செல்வி குனிந்து பார்த்து, "சோடாக் கடையை மூடிட்டாங்க" என்றாள். ஒரு நாள் குழாயைக் கிளிப் போட்டு அடைத்து வைத்து, எக்ஸ்ரே எடுத்தார்கள். கைக்குட்டை விரிந்திருந்தது. எட்டாம் நாள் மூச்சை அடக்கச் சொல்லிக் குழாயை உருவி எடுத்தார்கள். என் கையை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வண்டியில் இருந்து இறங்கும்போதே பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். "அடடா, நல்லா மெலிஞ்சு லட்சணமா ஆயிட்டாளே" என்றார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சில் ஓட்டை விழுந்து, குழாய் போட்டு, கஞ்சி குடித்து மெலிந்தவளைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். என்னால் மறக்க முடியாதது பாட்டில் இல்லை, அந்த நொடிதான்.

அவள் வேலையை விட்டுவிட்டு எங்களோடு இருந்தாள். முதல் இரண்டு வாரம் வீட்டில் யாராலும் பேச முடியவில்லை. தட்டைத் தள்ளினாள், கதவைச் சாத்தினாள், ஒரு நாள் என் போனைத் தூக்கி எறிந்தாள். புகையை விட்ட உடம்பு அப்படித்தான் கேட்கும் என்று சின்ன டாக்டர் சொல்லியிருந்தாள். பிறகு பசி வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்து வருவதற்குள் முறுக்கு டப்பா காலியாக இருக்கும். கன்னம் வந்தது. கை வந்தது. எனக்கு எல்லாம் தெரிந்தது. பெற்றவளுக்கு அளவு நாடா தேவையில்லை. வாயைத் திறந்தால் அந்தப் பேச்சு வந்துவிடுமோ என்று பயந்து பாதி நேரம் வாயை மூடிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் மாதம் நாத்தனார் பார்க்க வந்தார். காபியை வாங்கிக்கொண்டே என்னிடம் ஆரம்பித்தார்.

"அம்மிணி நல்லாத் தேறிட்டா. இன்னும் விட்டா தராசு தாங்காது. சொல்லி வெய்யி சாந்தி."

"அண்ணி, அந்தப் பேச்சு இனி இந்த ஊட்டுல வேண்டாமுங்க."

"நான் என்ன புள்ள தப்பாச் சொல்லீட்டேன்?"

"தப்பாத்தானுங்க சொன்னீங்க. நானும் உங்க கூடச் சேந்து சிரிச்சேன். அதுவும் தப்புங்க."

காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர் இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஆளை வைத்துத் தராசைத் தூக்கி, மோட்டார் ரூமுக்குள் போட்டுச் சாத்தினார். எடை போடும்போது மட்டும் வெளியே வரும். அவர் சிகரெட்டை விட்டாரா என்று கேட்காதீர்கள். மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய்ப் பிடிக்கிறார். மகளுக்குத் தெரியக் கூடாதாம்.

மூன்றாம் மாதம் மறு பரிசோதனைக்குப் போனோம். உள்ளே விடுவதற்கு முன் நர்ஸ் எடை பார்க்கும் மெஷினைக் காட்டினாள். சுகன்யா அதைப் பார்த்தாள். நான் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைப் படித்தேன். இன்றைக்கு வரை அவள் எடை எனக்குத் தெரியாது.

உள்ளே பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இந்தத் தடவை அவளையே கேட்டார்.

"வலிக்குமோ?"

"இல்லை டாக்டர்" என்றாள்.

வெளியே வந்து படியிறங்கும்போது அவள் இடது விலாவைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு?"

"கொழாய் போட்ட எடம். இன்னும் வலிக்குதும்மா. அவர் அதைக் கேக்கல."

வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, நான் அடுப்படியில் நின்றபோது அவள் வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தப் பச்சைச் சுடிதார். அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, டப்பாவில் இருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு போனாள்.

நான் அடுப்பை அணைத்தேன். பிளேடைத் தேடி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, இரண்டு பக்கத் தையலையும் கடைசி நூல் வரைக்கும் பிரித்தேன்.